சரிவைப் பாடுவதும் சரிந்து பாடுவதும்

நாகர்கோவில் பக்கம் இலக்கியம் பேசுகிறவர்கள் நாலு பேர் கூடினால், ஐந்தாவது ஆளாக 'நசிவு இலக்கியம்' என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துவிடும். பிடிக்காத நாவலை ஒதுக்கித் தள்ள அதைவிட வசதியான சொல் இல்லை. கதாநாயகன் குடிகாரனா? நசிவு. படுக்கையறை வருகிறதா? நசிவு. ஒருவன் முப்பது பக்கத்துக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறானா? அதுவும் நசிவுதான். இடதுசாரிகள் அதை வரலாற்றின் தீர்ப்பு போலச் சொல்வார்கள். கோயில், சர்ச், பள்ளிவாசல் பக்கம் நிற்பவர்கள் ஒழுக்கக்கேடு என்ற பொருளில் சொல்வார்கள். பழந்தமிழ்ப் பற்றாளர்களுக்கோ சங்கத்துக்குப் பிறகு வந்ததில் பாதிக்கு மேல் நசிவு.

ஆனால் இந்த வசைக்குப் பின்னால், பிரெஞ்சில் 'தெகதான்ஸ்' (சரிவு, நசிவு) என்ற பெயரில், உண்மையிலேயே ஒரு கலைக்கொள்கை இருக்கிறது. அதில் ஆபாசத்துக்கு உள்ள இடம் நாம் நினைப்பதைவிடச் சின்னது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால், குமரி மாவட்டத்தின் சில நல்ல நாவல்களை அந்தச் சொல்லால் தொடவே முடியாது என்று தெரியும். நாம் கும்பிடுகிற இடத்திலும், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கவிஞரிடத்திலும் அதன் சாயல் இருப்பதும் தெரியும்.

கதை ரோமில் தொடங்குகிறது. அவ்வளவு பெரிய பேரரசு ஏன் விழுந்தது என்ற கேள்வி 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவை விடாமல் துரத்தியது. ரோமானியரின் பெருமைக்கும் சரிவுக்கும் என்ன காரணம் என்று மாண்டெஸ்கியூ 1734இல் ஒரு நூல் எழுதினார். எட்வர்ட் கிப்பன் 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளில் அந்த வீழ்ச்சியின் வரலாற்றை எழுதி முடித்தார். அரசு சரிந்தால் மொழியும் சரியும், கவிதையும் சரியும் என்ற எண்ணம் இதையொட்டி வேர்விட்டது. 1834இல் தெஸிரே நிஸார் என்ற பிரெஞ்சு விமர்சகர் பிற்கால லத்தீன் கவிஞர்களைப் பற்றி எழுதும்போது, சொல்ல விஷயம் குறைந்துபோனவர்கள் வர்ணனையால் இட்டு நிரப்பினார்கள் என்று குற்றம் சாட்டினார். அவர் அம்பு விட்டது செத்துப்போன லத்தீன்காரர்கள் மேல் இல்லை. உயிரோடிருந்த விக்டர் ஹ்யூகோ மேல். இந்தச் சொல்லின் பிற்காலச் சரித்திரம் முழுக்க இதே தந்திரம்தான்.

1847இல் தோமா குத்தூர் என்ற ஓவியர் 'சரிவுக்கால ரோமானியர்' என்ற ஓவியத்தைப் பாரிசில் காட்சிக்கு வைத்தார். ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலம். இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விடிய விடியக் குடித்து ஓய்ந்தவர்கள் மண்டபம் முழுக்கச் சாய்ந்து கிடக்கிறார்கள். சுற்றிலும் முன்னோர்களின் கற்சிலைகள் விறைப்பாக நின்று பார்க்கின்றன. ஆனால் ஓவியம் தீட்டப்பட்ட விதத்தைப் பாருங்கள்: அளவெடுத்த அமைப்பு, சமநிலை, ஒவ்வொரு உடலும் இலக்கணப்படி. வாத்தியார் கையெழுத்து. வேசித்தனத்தைக் கண்டிக்கிற பிரசங்கம் அது. சரிவைப் பற்றிய ஓவியம், அவ்வளவுதான்.

குஸ்தாவ் மோரோ 1876இல் தீட்டிய 'தோற்றம்' என்ற நீர்வண்ண ஓவியத்தை இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். ஏரோது அரண்மனையில் சலோமே ஆடுகிறாள். வெட்டப்பட்ட யோவானின் தலை அந்தரத்தில் ஒளிவிடுகிறது. பைபிள் கதைதான், குமரி மாவட்டத்தில் ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆனால் கண் கதையில் நிற்பதில்லை. சுவர், தூண், திரை, அவள் மேல் கிடக்கிற கற்கள் என்று அணி அணியாக வேலைப்பாடு ஊர்ந்துகொண்டே போகிறது. அலங்காரத்துக்கு நடுவே நிகழ்ச்சி ஒரு சாக்குப்போல் நிற்கிறது. குத்தூர் சரிவைப் பாடியவர் என்றால் மோரோ சரிந்து பாடியவர். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பாரிசில் இந்த வசைச்சொல்லை எடுத்துப் பட்டமாகச் சூடிக்கொண்ட வேலை கவிஞர் பொதலேரைச் சுற்றி நடந்தது. 1857இல் வெளியான அவருடைய 'தீமையின் மலர்கள்' நீதிமன்றம் போனது. ஆறு கவிதைகள் தடை செய்யப்பட்டன. 1949இல்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பொதலேர் இறந்த பிறகு 1868இல் வந்த பதிப்புக்கு முன்னுரை எழுதிய தியோஃபீல் கோத்தியே, ஆமாம், இது சரிவுக்கால நடைதான், முதிர்ந்து அந்தி சாயும் நாகரிகத்துக்கு அப்படி ஒரு நடை தேவைப்படுகிறது என்ற தொனியில் எழுதினார். வசை அங்கே திசை மாறியது.

1881இல் போல் பூர்ஜே என்ற இளம் விமர்சகர் பொதலேரைப் பற்றிய கட்டுரையில் ஒரு சூத்திரம் கொடுத்தார். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதிலேயே துல்லியமானது அதுதான். புத்தகத்தின் ஒருமை குலைந்து பக்கம் தனியாக நிமிர்கிறது. பக்கம் குலைந்து வாக்கியம் நிமிர்கிறது. வாக்கியம் குலைந்து சொல் நிமிர்கிறது. சமூகத்திலும் இப்படித்தான், உறுப்பு முழுமைக்கு அடங்காமல் தனக்கென்று வாழத் தொடங்குகிறது என்றார். நீட்சே இதை எடுத்து 1888இல் வாக்னரின் இசையைத் தாக்கப் பயன்படுத்தினார்.

பழைய பாம்படக் காதுகளைப் பார்த்தவர்களுக்குப் பூர்ஜேயைப் புரிந்துகொள்வது எளிது. காதுக்காக நகையா, நகைக்காகக் காதா என்று ஒரு கட்டத்துக்கு மேல் சொல்ல முடியாது; தோள்வரைக்கும் வளர்ந்து தொங்குகிற அந்தக் காது அழகு என்றுதான் ஒரு தலைமுறை நம்பியது, இன்னொரு தலைமுறை அறுத்துத் தைத்துக்கொண்டது. இதில் ஒழுக்கம், ஒழுக்கக்கேடு என்ற பேச்சே இல்லை. பூர்ஜேயின் சூத்திரத்திலும் இல்லை.

இரண்டாவது அம்சம் மனநிலை. 'பிந்தி வந்துவிட்டோம்' என்ற உணர்வு. பெரிய காரியங்களெல்லாம் நடந்து முடிந்தன, சொல்ல வேண்டியதை முன்னோர் சொல்லிவிட்டார்கள், இனி மிச்சம் இருப்பது நுணுக்கம்தான் என்ற களைப்பு; அந்தக் களைப்பிலேயே ஒரு சுகம். 1883இல் பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் ஒரு சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதையில்), சரிவின் கடைசியில் இருக்கும் பேரரசு நானே என்று தொடங்கி, பெரிய வெள்ளை உருவங்களாகக் காட்டுமிராண்டிகள் கடந்துபோவதைப் பார்த்தபடி சோம்பலான அடிமுதலெழுத்துப் பாக்களை இயற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். வாசலில் எதிரி; உள்ளே சொல் விளையாட்டு. எழுத்துகளை வைத்து விளையாடும் சித்திரக்கவி தெரிந்த தமிழனுக்கு இது கொஞ்சம் சுருக்கென்று குத்தும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்த இரண்டு அம்சங்களும் முழுதாகச் சேர்ந்த புத்தகம் உய்ஸ்மான்ஸ் 1884இல் வெளியிட்ட 'எதிர்த்திசை' என்ற நாவல். கதை என்று எதுவும் பெரிதாக இல்லை. ஒரு பழம்பெரும் குடும்பத்தின் கடைசி வாரிசு தெஸேசாந்த். பாரிசில் எல்லாவற்றையும் அனுபவித்துச் சலித்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டை வாங்கி அடைந்து கிடக்கிறான். கம்பளத்தின் நிறத்தை எடுத்துக்காட்ட ஒரு ஆமையை வாங்கி, அதன் ஓட்டுக்குப் பொன்முலாம் பூசி, கற்கள் பதிக்கிறான். ஆமை பாரம் தாங்காமல் செத்துப்போகிறது. பல ரக மதுவைச் சின்னச் சின்னப் பீப்பாய்களில் அடைத்து, ஒவ்வொன்றும் ஒரு வாத்தியம் என்று வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டு ராகம் வாசிக்கிறான். லண்டன் போகக் கிளம்பி, பாரிசிலேயே ஒரு ஆங்கிலேய உணவகத்தில் சாப்பிட்டதும் லண்டன் பார்த்தாயிற்று என்று வீடு திரும்பிவிடுகிறான். லத்தீன் இலக்கியத்துக்கு ஒரு முழு அத்தியாயம்: வெர்ஜிலையும் சிசரோவையும் சலிப்பு என்று தள்ளிவிட்டு, பெட்ரோனியஸையும் அபுலேயஸையும் பின்னால் வந்தவர்களையும் கொண்டாடுகிறான். நிஸார் எதைக் குப்பை என்றாரோ அதுவே இவனுக்குப் பொக்கிஷம். சுவரில் மாட்டியிருப்பது? மோரோவின் சலோமேதான்.

இதைப் படித்த எழுத்தாளர் பார்பே தோரெவில்லி, இனி இந்த ஆசிரியருக்கு மிச்சம் இருப்பது துப்பாக்கி முனை அல்லது சிலுவையின் அடி, இரண்டில் ஒன்றுதான் என்று எழுதினார். உய்ஸ்மான்ஸ் சிலுவையைத் தேர்ந்தெடுத்தார், கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார். வெர்லேனும் அப்படியே, ஆங்கிலேய ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி சாவதற்கு முந்தைய வருடம், ஆஸ்கார் வைல்ட் மரணப்படுக்கையில். தூபம், மெழுகுவர்த்தி, பழைய லத்தீன் பாட்டு, பாவம் என்ற ஒரு சொல் இருக்கும் உலகம். கோட்டாறு சவேரியார் கோயிலின் பெரிய பூசையில் நின்றவர்களுக்கு அந்த ஈர்ப்பை விளக்க வேண்டியதில்லை. பாவம் என்ற எண்ணமே இல்லாதவனால் இந்த இலக்கியத்தை எழுத முடியாது. நம் விமர்சகர்கள் அடிக்கடி தவறவிடுகிற இடம் இது.

இங்கிலாந்துக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1893இல் ஆர்தர் சைமன்ஸ் இந்த இயக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதைப் புதுமையான, அழகான நோய் என்று வர்ணித்தார். (இதே சைமன்ஸ்தான் 1905இல் சரோஜினி நாயுடுவின் முதல் பெரிய தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர். இந்தச் சரக்கு இந்தியாவுக்கு வந்த வாசல்களில் அதுவும் ஒன்று.) 1895இல் வைல்ட் சிறைக்குப் போனார், அந்த அதிர்ச்சியில் பலர் கலைந்தார்கள். 1899இல் அதே விஷயத்தை விரித்துப் புத்தகமாக்கிய சைமன்ஸ் தலைப்பில் 'குறியீட்டு இயக்கம்' என்று மாற்றிவிட்டார். இதற்கிடையில் மாக்ஸ் நோர்டாவ் என்ற மருத்துவர் 1892இல் 'சீரழிவு' என்ற நூலில் இவர்களையெல்லாம் நோயாளிகள் என்று தீர்ப்பு எழுதியிருந்தார். நோர்டாவ் ஒரு யூதர், பின்னாளில் சியோனியத் தலைவர்களில் ஒருவர். அவர் புழக்கத்தில் விட்ட அதே சொல்லைத்தான் நாஜிகள் 1937இல் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' கண்காட்சிக்குப் பெயராக வைத்து, நவீன ஓவியங்களைக் கேலிப்பொருளாகத் தொங்கவிட்டார்கள்.

சரி, தமிழ்.

பூர்ஜேயின் கட்டுரைக்கு ஒரு வருடம் முன்பு, 1880 அக்டோபரில், கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையர் புதிதாக வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். இந்தச் சந்திப்பின் விளைவாக 1887இல் சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சில் வந்தன.

கவனித்துப் பார்த்தால் அந்தப் பத்தாண்டில் பாரிசும் கும்பகோணமும் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன. அங்கே ஒரு தலைமுறை செவ்வியல் காலத்தை விட்டுப் பிற்காலத்தின் மேல் காதல் கொள்கிறது. இங்கே ஒருவர் பிற்காலத்திலேயே ஊறி வளர்ந்துவிட்டு, செவ்வியலைத் தேடி ஓலைக்கட்டுகளோடு அலைகிறார். தமிழுக்கு ஒரு நூற்றாண்டுக்கடைசி மனநிலை வராமல் போனதற்கு என் கணக்கில் இதுதான் முதல் காரணம். பெரிய மரபு ஒன்று கிழடு தட்டிவிட்டது என்று நாம் உணர்ந்திருக்க வேண்டிய நேரத்தில், அந்த மரபின் பழைய பகுதி புத்தம்புதிதாக அச்சுமை வாசத்தோடு வந்து இறங்கியது. 'பிந்திவிட்டோம்' என்று பெருமூச்சுவிட யாருக்கும் நேரமில்லை. சிந்தாமணியே எட்டுப் பெண்களை மணக்கிற ஒருவனின் இன்பப் பெருங்கதை என்பதும், அதை எழுதியவர் சமணத் துறவி என்பதும் வேறு வேடிக்கை.

அப்படியானால் முதலியார் ஒதுக்கிய அந்தப் பிற்காலம் உண்மையிலேயே சரிவுதானா? பூர்ஜேயின் அளவுகோலை வைத்தால் முதல் பார்வையில் ஆம் என்றுதான் தோன்றும். 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன் மேல் பாடிய நிரோட்டக யமக அந்தாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடும்போது உதடும் உதடும் ஒட்டக்கூடாது; அதனால் ப, ம, வ போன்ற ஒலிகள் விலக்கு. போதாததற்கு யமகம்: அதே எழுத்துத் தொடர் அடிதோறும் திரும்பி வந்து வேறு பொருள் தர வேண்டும். போதாததற்கு அந்தாதி. முருகன் என்ற பெயரைக்கூடச் சொல்ல முடியாத ஒரு முருகன் பாட்டு! சொல் இங்கே தனி ராஜ்ஜியம் நடத்துகிறது.

ஆனால் அதே விளையாட்டு ஏழாம் நூற்றாண்டிலேயே இருக்கிறதே. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம், 'யாமாமாநீ யாமாமா' என்று தொடங்குவது, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். எண்களை ஏற்றி இறக்கி அடுக்கிச் செல்லும் எழுகூற்றிருக்கையைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். இவர்கள் களைத்துப்போனவர்களா? பக்தி இயக்கம் ஊர் ஊராகத் தீப்பிடித்துப் பரவிய காலம் அது. எனவே நுணுக்க வேலைப்பாட்டை மட்டும் வைத்து ஒரு காலத்தைச் சரிவுக்காலம் என்று முத்திரை குத்த முடியாது. முழுமையைச் சிதைக்கிற நுணுக்கமும் உண்டு. முழுமை தெம்பாக இருக்கும்போது உபரியாகப் பொங்கி வழிகிற நுணுக்கமும் உண்டு. நம் சிற்றிலக்கியப் புலவர்களிடம் 'பிந்திவிட்டோம்' என்ற மூச்சே இல்லை. மடமோ ஜமீனோ கேட்டது, பாடினார்கள், பரிசில் வாங்கினார்கள். பொருளில் மிகவும் 'கெட்டுப்போன' நூலான கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது கூட, தாசி வீட்டில் சொத்தைத் தொலைத்தவனின் கதையைக் குஷியாகச் சொல்கிறதே தவிரச் சலிப்பாகச் சொல்லவில்லை.

கல்லிலும் இதே வழக்குதான். விளவங்கோடு வட்டத்துச் சிதறாலில், திருச்சாரணத்து மலைப்பாறையில், ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணப் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. தீர்த்தங்கரர்கள் நேராக உட்கார்ந்திருக்கிறார்கள், நேராக நிற்கிறார்கள். நகை இல்லை, நெளிவு இல்லை, பாறையின் வாட்டமே பின்னணி. அங்கிருந்து சுசீந்திரம் வந்து தாணுமாலயன் கோயில் அலங்கார மண்டபத்தில் நின்றால் வேறு உலகம். ஒரே கல்லில் குடைந்தெடுத்த மெல்லிய தூண்கள் கொத்துக் கொத்தாக நிற்கின்றன; தட்டினால் வெவ்வேறு சுரம். தூணின் வேலை கூரையைத் தாங்குவது. இங்கே தூண் வாத்தியமாகிவிட்டது. மதுவை வாத்தியமாக்கிய தெஸேசாந்துக்கு இந்த மண்டபத்தைக் காட்டியிருந்தால் அந்த வீட்டை விற்றுவிட்டு இங்கேயே தங்கியிருப்பான்.

19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பெர்குசன் போன்ற பிரிட்டிஷ் கலை வரலாற்றாசிரியர்கள் இந்தப் பாதையை அப்படியே கீழ்நோக்கி வரைந்தார்கள். பழைய பௌத்தச் சிற்பம் உச்சி; அதற்குப் பிறகு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு சரிவு. ஆண்டுகொண்டிருந்தவர்களுக்கு அது வசதியான வரைபடம், சரிந்துகொண்டே வந்த நாட்டைத் தூக்கி நிறுத்த ஒரு ஆள் வேண்டுமே. நிஸாரின் தந்திரம் இங்கே கோட்டு சூட்டோடு வந்தது. ஆனால் சுசீந்திரத்து மண்டபம் ஒரு உயிருள்ள கோயிலின் பகுதி. தேர் ஓடுகிறது, மார்கழித் திருவிழாவுக்கு நாஞ்சில் நாடே திரள்கிறது. வேலைப்பாடு எவ்வளவு பெருகினாலும் அந்த முழுமை கலையவில்லை. தட்டிப் பார்க்க இன்றைக்கும் கை நீள்கிறது, தூண் பாவம்.

இந்த மாவட்டத்துக்கும் ஐரோப்பிய நசிவுக்கும் நேரடியாக ஒரு நூல் உண்டு. அதன் முனையைப் பிடித்திருந்தவர் யாரும் எதிர்பார்க்காத ஆள்: தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. எட்வர்ட் ஃபிட்ஜெரால்ட் 1859இல் வெளியிட்ட உமர் கய்யாம் மொழியாக்கம் முதலில் விலைபோகாமல் கழிவு விலைப் பெட்டிக்கு வந்தது. 1861இல் கவிஞர்கள் ரோசெட்டியும் ஸ்வின்பர்னும் அதைக் கண்டெடுத்துக் கொண்டாட, நூற்றாண்டின் கடைசியில் அது ஒரு மோகமாகவே ஆனது. நாளை என்பது இல்லை, கோப்பையை நிரப்பு என்ற அந்தப் பாட்டு, களைத்துப்போன தலைமுறைக்கு வேதம் மாதிரி. அதைத்தான் குழந்தைகளுக்குப் பாட்டெழுதிய நம் கவிமணி தமிழில் பாடினார்.

'வெய்யிற் கேற்ற நிழலுண்டு, வீசும் தென்றல் காற்றுண்டு, கையில் கம்பன் கவியுண்டு' என்று போகிறது. ஃபிட்ஜெரால்டில் பெயரில்லாத ஒரு கவிதைப் புத்தகம்தான். கவிமணி அங்கே கம்பனைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். தென்றல் வந்தது, அதோடு தெம்பும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்தி நேரத்து ஏக்கமாக ஒலிப்பது, இங்கே நாஞ்சில் நாட்டு வயல்வரப்பில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்கிற சுகமாக மாறிவிடுகிறது. விஷயம் அதேதான்: மது, பெண், நிலையாமை. தொனி மாறியதும் நசிவு ஆவியாகிவிட்டது. எந்தத் தமிழ் வாத்தியாரும் கவிமணியைச் சீரழிவு என்று சொன்னதில்லை. அதே வாத்தியார் ஐரோப்பியப் புத்தகத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டார்.

நசிவை உண்மையிலேயே கண்ணெதிரே பார்த்தவரும் கவிமணிதான். மகனுக்குப் பதிலாகச் சகோதரி மகனுக்குச் சொத்து போகும் முறையைப் பற்றிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' படித்தால், காரணவர் என்ற குடும்பத் தலைவர் கையில் சொத்து கரைவதும், மனைவி மக்கள் நடுத்தெருவுக்கு வருவதும், வழக்கு வழக்காக வயல் போவதும் தெரியும். ஒரு சமூக அமைப்பு உள்ளுக்குள் இற்றுப்போன கதை. அதை அந்த வீட்டுப் பெண்ணின் வாயால், சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கான சட்டம் வந்து அந்த முறையே முடிவுக்கு வந்தது. சரிவைப் பாடியவர், ஆனால் நிமிர்ந்து நின்று பாடினார்.

பூதப்பாண்டி ஜீவாவின் வழக்கு இன்னும் சுவாரஸ்யம். 1940களில் திராவிட இயக்கத்தார் கம்பனில் காமம் வழிகிறது என்று பட்டியல் போட்டார்கள். அண்ணாவின் 'கம்பரசம்' அதில் பிரபலம். கம்யூனிஸ்டான ஜீவாவோ கம்பன் மேடைகளில் ஏறி மணிக்கணக்கில் கம்பனைக் கொண்டாடினார். சட்டப்படி பார்த்தால் நிலவுடைமைக் காலத்துக் கவி, அரசவை, அலங்காரம், எல்லாம் அவர் கட்சிக்கு ஆகாதவை. ஜீவா அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவர் தொடங்கிய 'தாமரை' இதழையும் 1961இல் உருவான கலை இலக்கியப் பெருமன்றத்தையும் சுற்றி வளர்ந்த விமர்சகர்களிடம் அந்தத் தாராளம் எப்போதும் இருந்ததில்லை. தனிமனித வேதனை, பாலியல், அந்நியமாதல் என்று வந்தால் நசிவு என்ற முத்திரை தயார். இதற்குப் பின்னால் ஹங்கேரிய மார்க்சிய விமர்சகர் ஜார்ஜ் லூகாச் இருந்தார். 1950களில் அவர் காஃப்காவா தாமஸ் மன்னா என்று கேட்டு, மன் பக்கம் தீர்ப்பு வழங்கினார். லூகாச்சிடம் எனக்குப் பல சண்டைகள் உண்டு. ஆனால் ஒரு விஷயம் அவர் சரியாகப் பிடித்தார். தாமஸ் மன் 1901இல் வெளியிட்ட முதல் நாவலின் துணைத்தலைப்பே 'ஒரு குடும்பத்தின் சரிவு'. சரிவை எழுதிய மன் அவருக்கு ஆரோக்கியமான எழுத்தாளர். விஷயத்தை அவர் குற்றம் சொல்லவில்லை, பார்வையைத்தான் சொன்னார். தமிழுக்கு வந்து சேர்வதற்குள் அந்த நுட்பம் வழியிலேயே உதிர்ந்துபோனது.

உதிர்ந்துபோனதால் என்ன நடந்தது? ஜி.நாகராஜன் விபச்சார விடுதியையும் மாமாக்களையும் எழுதினார், உடனே நசிவு. அவர் உரைநடையைப் படித்துப் பாருங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக நடக்கிற நடை. ஒரு சொல் கூடுதல் கிடையாது. பூர்ஜேயின் பொருளில் தமிழின் உண்மையான சரிவு நடைக்காரர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் லா.ச.ராமாமிர்தத்தைச் சொல்வேன். சமையலறை, பூஜை, மாமியார், குத்துவிளக்கு. இதைவிடச் 'சுத்தமான' விஷயம் தமிழில் இல்லை. ஆனால் வாக்கியம் கதையை விட்டுக் கிளம்பிவிடும், சொல் வாக்கியத்தை விட்டுக் கிளம்பிவிடும், கடைசியில் ஒலி மட்டும் காதில் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் அருமை அதில்தான் இருக்கிறது. எல்லைக்கு அந்தப்பக்கம் திருவனந்தபுரத்தில் நகுலன் தனிமையையும் பிராந்தியையும் சுசீலா என்ற பெண்ணையும் எழுதினார். தெஸேசாந்தின் வீட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும், உள்ளே போனால் நாற்காலி ஒன்றுதான் கிடக்கும், அவ்வளவு சிக்கனம். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' துண்டு துண்டாகச் சிதறிய வடிவம் என்பதால் அதன் மேலும் சந்தேகம் விழுந்தது. அந்தப் புத்தகத்தில் எனக்குக் கேட்பது எரிச்சல். எரிச்சல்படுகிறவன் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறான், களைத்தவன் எதிர்பார்ப்பதில்லை.

மிச்சம் இருப்பது வீட்டு நாவல்கள். குமரி மாவட்ட நாவல்களில் இடிந்துகொண்டிருக்கும் வீடு திரும்பத் திரும்ப வருகிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) பனைவிளை என்ற ஊரில் பழைய பெருமையை நினைத்துக்கொண்டு நிற்கிற வீடு. கண்ணப்பச்சியின் காலத்து அந்தஸ்து போய், மகன் குடியில் விழுந்து, சுவர் மட்டும் மிச்சம். ஆனால் அந்த வீட்டுப் பெண் லிஸி பனையேறும் குடும்பத்துத் தங்கராஜை விரும்புகிறாள். கதை அந்தப் பக்கம் நகர்கிறது. ஹெப்சிபா ஆங்கிலப் பேராசிரியை. வைல்டையும் ஆங்கில விமர்சகர் வால்ட்டர் பேட்டரையும் அறியாதவர் என்று சொல்ல முடியாது. இருந்தும் இடிந்த சுவரின் அழகில் ஒரு பத்திகூட மயங்கவில்லை. விளவங்கோட்டுப் பேச்சும் பனையோலைச் சத்தமுமாக, மெலிந்த, நேரான நடை.

தேங்காய்ப்பட்டணம் தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி', 1997இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது, உய்ஸ்மான்ஸுக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. முஸ்தபாகண்ணு மார்த்தாண்ட வர்மா காலத்துப் பெருமையைச் சொல்லிக்கொள்கிற குடும்பத்தின் எச்சம். வேலை ஒன்றும் இல்லை. சாய்வு நாற்காலியில் கிடந்தபடி நாக்குக்கு ருசியாகக் கேட்கிறார். அதற்காக வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. கடைசி வாரிசு, அடைந்த வீடு, தீராத நாக்கு. தெஸேசாந்துக்கும் இவருக்கும் ஜாதகப் பொருத்தம் அப்படியே இருக்கிறது.

வித்தியாசம் வேலைக்காரர்களில் தெரியும். தெஸேசாந்த் தன் வீட்டு வேலைக்காரர்களின் காலடிச் சத்தம் கேட்கக்கூடாதென்று கம்பளித் துணிச் செருப்பு போட வைக்கிறான். ஜன்னலைக் கடந்துபோகிற வேலைக்காரியின் நிழல் கண்ணை உறுத்தாமல் இருக்க அவளுக்குக் கன்னியாஸ்திரி போல முக்காடு போட்டுவிடுகிறான். நாவலும் அவனோடு சேர்ந்து அவர்களை மறந்துவிடுகிறது. நமக்குக் கேட்பது அவன் நாக்கும் அவன் நூலகமும்தான். மீரானோ அந்த வீட்டில் அடி வாங்குகிறவர்களின் பக்கத்தில் போய் நிற்கிறார். பெண்களை அடிப்பதற்கென்றே அந்த வீட்டில் அதபுப் பிரம்பு ஒன்று இருக்கிறது. மனைவி மரியம் பீவி சமைக்கிறாள், எடுத்துப்போகும் சாமானைப் பார்க்கிறாள், பேசுகிறாள், பிரம்பின் சத்தம் நமக்கும் கேட்கிறது.